வேலிக்கு வைத்த முள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்தக் கல்லூரியில் படித்தவன் அல்ல. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு பட்டாளத்துக்குப் போனவன். என் மகள்தான் இங்கே படித்தவள். "அப்பா ஸ்ரீலங்காவில் சண்டை போட்டவர், அவரைப் பேசச் சொல்லுங்க" என்று சங்கத்துக்காரர்களிடம் சொல்லிவிட்டாள். வீட்டில் நான் வாயைத் திறப்பதில்லை என்பது அவளுக்கு நீண்ட நாள் குறை. மேடை ஏற்றிவிட்டால் பேசித்தானே ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். வரலாற்றுத் துறைப் பேராசிரியர், "வீரதீரக் கதை வேண்டாம், பிள்ளைகள் யோசிக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்" என்றார். அதுவே எனக்கும் சௌகரியம். வீரதீரக் கதை என்னிடம் இல்லை.

நம்ம ஊரிலிருந்தே தொடங்குகிறேன். முதுகுளத்தூரை விட்டு எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஜன்னலில் தெரிவது என்ன? சீமைக்கருவேலம். அது நம்ம மண்ணின் மரம் இல்லை, வெளிதேசத்து மரம். மழை குறைவு, விறகு இல்லை, வேலிக்கு முள் இல்லை என்று நல்ல எண்ணத்தில்தான் விதை தூவினார்கள். "வேலி ஓரம் மட்டும் நிக்கட்டும்" என்றுதான் எங்க அப்பத்தாவும் வைத்தார்களாம். அது வேலியிலிருந்து வரப்புக்கு வந்தது, வரப்பிலிருந்து வயலுக்கு வந்தது, கடைசியில் கண்மாய்க்குள்ளேயே இறங்கிவிட்டது. ஒவ்வொரு வருஷமும், "இந்த வருஷம் கொஞ்சம்தானே, அடுத்த வருஷம் வெட்டிக்கலாம்" என்றார்கள். இன்று ஜே.சி.பி. வைத்துத் தோண்டினாலும் வேர் போகமாட்டேன் என்கிறது.

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குள் "கொஞ்சம்" படை அனுப்புவதும் இப்படித்தான். நான் அதற்குள் இருந்தவன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

1987 ஜூன் மாதம். நான் சிக்னல் பிரிவில் ரேடியோ ஆபரேட்டர். வருஷாந்திர லீவில் ஊருக்கு வந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரே பேச்சு, இலங்கையைப் பற்றித்தான். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ராமேஸ்வரம் கரையில் அகதிகள் வந்து இறங்கியதையும் மண்டபம் முகாம் நிறைந்ததையும் கண்ணால் பார்த்த ஜனங்கள் நாம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். மதுரை நமக்கு அதைவிடத் தூரம். ஆகவே டெல்லிக்காரர்களுக்கு அது வெளிநாட்டு விவகாரம், நமக்கு அடுத்த வீட்டு விவகாரம்.

அந்த ஆண்டு தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருளும் பல அத்தியாவசியப் பொருள்களும் போகவிடாமல் இலங்கை அரசு தடை போட்டது. மே மாதக் கடைசியில் வடமராட்சியில் பெரிய ராணுவ நடவடிக்கை தொடங்கியது. ஜூன் 3-ஆம் தேதி ராமேஸ்வரத்திலிருந்து 19 படகுகளில் சுமார் 40 டன் அரிசி, மருந்து முதலியவற்றை ஏற்றி இந்தியா அனுப்பியது. இலங்கைக் கடற்படை நடுக்கடலில் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள் ஜூன் 4, இந்திய விமானப்படையின் ஐந்து சரக்கு விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் துணைக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து சுமார் 25 டன் பொருள்களைப் பாராசூட்டில் போட்டன. அதற்குப் பூமாலை என்று பெயர். டீக்கடையில் எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். பசித்தவனுக்குச் சோறு போடுவதில் என்ன தப்பு?

ஆனால் கவனியுங்கள். நேற்று படகு, இன்று போர் விமானம். முதல் படி சறுக்கினால் கீழே இறங்குவதில்லை. அடுத்த படியில் ஏறுகிறோம். அதற்கும் முன்னால், 1983-லிருந்தே போராளி இளைஞர்களுக்கு இந்திய மண்ணில் ஆயுதப் பயிற்சி கொடுக்கப்பட்டது. அது எந்த அரசாணையிலும் வராத படி. ஆக, படை போவதற்கு நான்கு வருஷம் முன்னாலேயே நாம் உள்ளே போயாகிவிட்டது.

ஜூலை 29-ஆம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனேயும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையிலேயே இலங்கைக் கடற்படைச் சிப்பாய் ஒருவன் நம் பிரதமரைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தான். அது ஒரு சகுனம் என்று பிற்பாடு பேசிக்கொண்டோம். சகுனத்தை விடுங்கள், ஒப்பந்தத்தைப் பாருங்கள். இந்திய அமைதிப் படையைப் பற்றி அதில் என்ன இருந்தது? சண்டை நிறுத்தத்துக்கு உத்தரவாதம் தரத் தேவைப்பட்டால் இலங்கை ஜனாதிபதி இந்தியப் படைப்பிரிவு ஒன்றை அழைக்கலாம். அவ்வளவுதான். "தேவைப்பட்டால்", "அழைக்கலாம்". 48 மணி நேரத்தில் சண்டை நிறுத்தம், அதிலிருந்து 72 மணி நேரத்தில் ஆயுத ஒப்படைப்பு, ஆகஸ்டு 15-க்குள் அவசரநிலை நீக்கம். காகிதத்தில் எல்லாம் மணிக்கணக்கு. அது முப்பத்திரண்டு மாதம் ஓடியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கையெழுத்துப் போட்டது இரண்டு அரசுகள். துப்பாக்கி வைத்திருந்த புலிகள் கையெழுத்துப் போடவில்லை. நிலத்தகராறில் வாதியும் பிரதிவாதியும் இல்லாமல் பஞ்சாயத்தார் இரண்டு பேர் மட்டும் எழுதிக்கொண்ட பத்திரம் நம்ம ஊரில் செல்லுமா?

லீவு ரத்து என்று தந்தி வந்தது. ஆகஸ்டில் பலாலி விமான நிலையத்தில் இறங்கினேன். 54-வது டிவிஷன் செகந்திராபாத்திலிருந்து அவசர அவசரமாக வந்திருந்தது. சண்டைக்குப் போகிறோம் என்று யாருக்கும் நினைப்பில்லை. பட்டாலியன்களில் ஆள் எண்ணிக்கை சமாதான காலத்துக் கணக்கு. கனரக ஆயுதம் பெரும்பகுதி பின்னாலேயே நின்றுவிட்டது. கையிலிருந்த வரைபடம் பழசு. ஆனால் வரவேற்பு! சைக்கிளில் துரத்தி வந்து மாலை போட்டார்கள். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். பஞ்சாபிப் பையன்களும் மலைநாட்டுப் பையன்களும் ஒன்றும் புரியாமல் சிரித்தார்கள். எனக்கு மட்டும் எல்லாம் புரிந்தது. தமிழ் தெரிந்தவன் என்பதால் ரேடியோ வேலையோடு மொழிபெயர்ப்பு வேலையும் என் தலையில் விழுந்தது.

நாங்கள் ரோந்து போகும் ஒரு ஒழுங்கையில் (சந்தை அங்கே ஒழுங்கை என்பார்கள்) ஒரு ஆத்தா வீடு. வயசு எழுபது இருக்கும். பேரன் ஒருத்தன், பதினேழு வயசு, அவனும் ஆத்தாவும் மட்டும். முதல் நாள் கேட்டார்கள்: "தம்பி, பனங்கட்டியோட பிளேன்டீ குடிக்கிறீங்களோ?" பனங்கட்டி என்றால் என்ன என்று விழித்தேன். கொண்டுவந்து கையில் வைத்தபின் பார்த்தால் நம்ம கருப்பட்டி! "எங்க ஊர்ல இது கருப்பட்டி ஆத்தா" என்றேன். அவர் சிரித்துச் சிரித்துப் பேரனைக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றிலிருந்து நான் அந்தப் பக்கம் போனால் பையன், "கருப்பட்டி அண்ணை வாறார்" என்பான். அதே பனை, அதே மொழி. ஆனால் பேர் வேறு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

ஆகஸ்டு 5-ஆம் தேதி பலாலியில் புலிகள் ஆயுதம் ஒப்படைக்கும் நிகழ்ச்சி நடந்தது. கொஞ்சம் வந்தது, மிச்சம் வரவில்லை. செப்டம்பர் 15-ஆம் தேதி திலீபன் நல்லூரில் தண்ணீரும் குடிக்காமல் உண்ணாவிரதம் தொடங்கினார். கேட்டது இந்தியாவிடம். பன்னிரண்டாம் நாள், செப்டம்பர் 26, இறந்துபோனார். அந்தப் பன்னிரண்டு நாளில் எங்களுக்குக் கிடைத்த இளநீர் நின்றுவிட்டது. கை அசைத்த பிள்ளைகள் முறைத்தன. துப்பாக்கி ஒரு குண்டும் சுடாமலேயே நாங்கள் நடுவர் என்ற இடத்திலிருந்து எதிராளி என்ற இடத்துக்கு நகர்ந்துவிட்டோம்.

அக்டோபர் தொடக்கத்தில் புலேந்திரன், குமரப்பா உள்ளிட்ட 17 பேரைக் கடலில் இலங்கைக் கடற்படை பிடித்தது. அவர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோகவேண்டும் என்று இலங்கை அரசு நின்றது. நம்மால் தடுக்க முடியவில்லை. அக்டோபர் 5-ஆம் தேதி பலாலியில் சயனைடு கடித்து 12 பேர் இறந்தார்கள். அதற்குப் பழிவாங்கப் பிடியிலிருந்த இலங்கைச் சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். கிழக்கே அப்பாவிச் சிங்களக் குடும்பங்கள் கொல்லப்பட்டன. கொழும்பு நம்மைப் பார்த்துக் கேட்டது: "உத்தரவாதம் கொடுத்தீர்களே?" அந்த ஒரு சொல்லில் கழுத்து மாட்டிக்கொண்டது. அக்டோபர் 10-ஆம் தேதி யாழ்ப்பாணத்தைப் பிடிக்கும் நடவடிக்கை தொடங்கியது. அதற்கு பவன் என்று பெயர். பவன் என்றால் காற்று.

சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் மேலிருந்து கீழ்வரை பேச்சு. உலகத்தின் பெரிய ராணுவங்களில் ஒன்று நாம். எதிரே சில ஆயிரம் பையன்கள். அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் படை இறங்கியது. 13-வது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள். ஒருவர் பிடிபட்டார். கூட வந்த கமாண்டோக்களில் 6 பேர் போனார்கள். அந்த ராத்திரி ரேடியோ முன்னால் நான் இருந்தேன். மறுமுனை பேசிக்கொண்டே இருந்து, பிறகு பேசவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். ரேடியோ ஆபரேட்டருக்கு அதைவிடக் கொடுமை கிடையாது.

நம் கையில் ஒவ்வொரு குண்டாகச் சுடும் எஸ்.எல்.ஆர். அவர்கள் கையில் ஏ.கே.47. ரோடெல்லாம் கண்ணிவெடி. யாழ்ப்பாண நகரம் கைக்கு வர இரண்டு வாரம் ஆனது. அதற்குள் நம்மவர் இருநூறு பேருக்கு மேல் செத்துவிட்டார்கள். அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நம் படை புகுந்து சுட்டதில் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று சுமார் 60, 70 பேர் இறந்தார்கள். நான் உடுப்பு போட்டவன். இதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

இப்போது அந்த ஆத்தா வீட்டுக்கு வருகிறேன். நவம்பரில் அந்த ஒழுங்கையைச் சுற்றி வளைத்துச் சோதனை. முந்தின நாள் பக்கத்தில் கண்ணிவெடியில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் போயிருந்தார்கள். எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி கேட்கச் சொன்னார், "இங்கே யாராவது வந்தார்களா?" நான் கேட்டேன். ஆத்தா பயத்தில் கைகூப்பிக்கொண்டே சொன்னார்: "இவன்ர பெடியள்தான் தம்பி, வந்து தண்ணி குடிச்சிட்டுப் போனவை." பெடியள் என்றால் பையன்கள். பேரனோடு படிக்கிற பையன்கள். ஆனால் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் பெடியள் என்றால் இன்னொரு அர்த்தமும் உண்டு: இயக்கத்துப் பையன்கள். எங்கள் அதிகாரிகள் அந்த ஒரு தமிழ் வார்த்தையை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். நான், "பையன்கள் வந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், போனார்கள்" என்று இந்தியில் சொன்னேன். "இவனோட கூட்டாளிகள்" என்பதைச் சேர்த்துச் சொல்லவில்லை. அவசரமா, பயமா, செத்துப்போன இரண்டு பேர் மேல் இருந்த துக்கமா, இன்றுவரை எனக்கே தெளிவில்லை. அதிகாரி காதில் ஏற்கெனவே ஆத்தா வாயிலிருந்து பெடியள் விழுந்தாகிவிட்டது. பேரனை வண்டியில் ஏற்றினார்கள். நான் பிறகு விளக்கிச் சொன்னேன். "விசாரித்துவிட்டு அனுப்புவார்கள்" என்றார்கள். ஆத்தா என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "நீங்கள் எங்களைக் காக்க வந்தனீங்கள் எண்டு சொன்னீங்களே, தம்பி?"

பத்து நாளில் எங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பையன் திரும்பி வந்தானா என்று எனக்குத் தெரியாது. 1990-ல் மறுபடி அகதிகள் மண்டபத்துக்கு வந்தபோது மூன்று தடவை லீவில் போய் அந்த ஊர்க்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் இதுதான் அம்மா.

சரி, கதை மேலே என்ன ஆனது? ஒரு டிவிஷன் போதவில்லை. இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது, நான்காவதும் வந்தது. உச்சத்தில் 70,000 பேருக்கு மேல். நவம்பர் 25-ல் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் நெஞ்சில் குண்டு வாங்கியபின்னும் சண்டை போட்டு உயிர்விட்டு பரம்வீர் சக்ரா பெற்றார். அந்த வீரத்துக்கு என் சல்யூட். ஆனால் வீரம் வேறு, வேலை வேறு. வேலை என்ன என்று கேட்டால் அதற்குள் மாறிவிட்டிருந்தது. முதலில் சண்டை நிறுத்தத்தைப் பார்த்துக்கொள்வது. பிறகு ஆயுதம் பறிப்பது. பிறகு ஊரைப் பிடிப்பது. 1988 நவம்பரில் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தலை நடத்துவது. பிறகு அந்த மாகாண அரசைக் காப்பாற்றுவது. அதைக் காப்பாற்ற 1989-ல் தமிழ் தேசிய இராணுவம் என்று ஒன்று உருவாக்கப்பட்டது. அதற்கு உங்கள் வயசுப் பையன்களை வீதியிலும் பள்ளிக்கூட வாசலிலும் பிடித்துக்கொண்டு போனார்கள். நாங்கள் போனதும் அந்தப் பையன்கள் கதி என்ன என்பதை யோசித்துப் பாருங்கள்.

1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் நம் படை மேல் தாக்குதல் நடந்தபின் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அதே வருஷம் இலங்கையின் புதிய ஜனாதிபதி பிரேமதாசா, "ஜூலை 29-க்குள் வெளியே போங்கள்" என்று கெடு விதித்தார். நம்மை எதிர்க்கப் புலிகளுக்கு அவர் அரசே ஆயுதம் கொடுத்தது. யாரைக் காப்பாற்ற வந்தோமோ அவர்களும் போ என்றார்கள். யார் அழைத்தார்களோ அவர்களும் போ என்றார்கள். 1990 மார்ச் 24-ஆம் தேதி திருகோணமலையிலிருந்து கடைசிக் கப்பல் புறப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் திரும்பிய படையை வரவேற்கத் தமிழ்நாட்டு முதலமைச்சர் கருணாநிதி வரவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்ற நிலை எடுத்தார். எனக்கு அன்று கோபம் வந்தது. அந்த ஆத்தா முகம் ஞாபகம் வந்ததும் கோபம் போய்விட்டது.

கணக்கைச் சொல்கிறேன். நம்மவர் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். சுமார் 3,000 பேர் காயம். இலங்கைத் தமிழ்ப் பொதுமக்கள் ஆயிரக்கணக்கில். நாங்கள் வந்த மூன்றே மாதத்தில், 1990 ஜூனில், அங்கே மறுபடி போர் தொடங்கியது. 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர். அது 2009 மே வரை ஓடியது. 72 மணி நேரத்தில் முடியவேண்டிய காரியம்.

இது நமக்கு மட்டும் வந்த வினை இல்லை. வியட்நாமில் அமெரிக்கா 1960-ல் சுமார் 900 ஆலோசகர்களை வைத்திருந்தது. 1963-ல் 16,000. 1965 மார்ச்சில் தனாங் விமான தளத்துக்குக் காவல் என்று 3,500 கடற்படைச் சிப்பாய்கள் இறங்கினார்கள். அந்த வருஷக் கடைசியில் 1,80,000-க்கு மேல். 1969-ல் 5,40,000-ஐத் தாண்டியது. 58,000 பேர் செத்தபின் வெளியேறினார்கள். சோவியத் யூனியன் 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் போனது. 1989 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. சுமார் 15,000 சிப்பாய்களை இழந்தது. அந்த நாடுகளில் புத்திசாலிகள் இல்லையா? இருந்தார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் பால் என்ற அதிகாரி உள்ளே இருந்தே எச்சரித்தார். கேட்கவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது? எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒவ்வொரு படியையும் அதற்கு முந்திய படியோடுதான் ஒப்பிடுகிறார்கள், தரையோடு ஒப்பிடுவதில்லை. பத்தாயிரம் பேர் இருக்கிற இடத்தில் இன்னும் ஐயாயிரம் என்றால் சின்னதாகத் தெரியும். முதல் நாளே எழுபதாயிரம் பேர், மூன்று வருஷம், 1,200 பிணம் என்று சொல்லியிருந்தால் யார் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்? இரண்டாவது, ரத்தம் சிந்தியபின் திரும்புவது கஷ்டம். "செத்தவர்கள் வீணாகவா செத்தார்கள்?" என்ற கேள்வி வரும். அதற்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் பேரை அனுப்புகிறோம். சீட்டாட்டத்தில் தோற்றவன் விட்டதைப் பிடிக்கிறேன் என்று தாலியை அடகு வைக்கிற கணக்குதான். மூன்றாவது, உள்ளே இருப்பவர்கள் நம் கைப்பாவை இல்லை. ஜெயவர்தனேவுக்கு ஒரு கணக்கு இருந்தது: வடக்கை நம்மிடம் விட்டுவிட்டுத் தெற்கே ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்கத் தன் படையைக் கொண்டுபோனார். புலிகளுக்கு ஒரு கணக்கு. நாம் மட்டும் எல்லோரும் நம் கணக்குப்படி நடப்பார்கள் என்று நினைத்தோம்.

"அப்படியென்றால் எங்கேயும் போகவே கூடாதா?" என்று கேட்பீர்கள். 1971-ல் போனோம். டிசம்பர் 3-ல் தொடங்கிய போர் 16-ஆம் தேதி டாக்காவில் முடிந்தது. 1972 மார்ச்சில் படை வெளியேறியது. எதற்காகப் போகிறோம், எது நடந்தால் முடிந்தது, எப்போது திரும்புவது என்று தெரிந்திருந்தது. அந்த நாட்டு மக்களும் நம் பக்கம் இருந்தார்கள். 1988 நவம்பரில் மாலத்தீவில் ஆட்சியைப் பிடிக்க முயன்றவர்களை விரட்டப் போனோம். சில நாளில் வேலை முடிந்து பெரும்பகுதிப் படை திரும்பியது. அதே ராணுவம், அதே காலம். வித்தியாசம் சிப்பாயின் வீரத்தில் இல்லை. அனுப்பியவர்களின் தெளிவில் இருக்கிறது.

இலங்கைக்குப் போகாமலே இருந்திருக்கலாமா? இந்தக் கேள்வியை எனக்குள் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மண்டபத்தில் வந்து இறங்கிய பெண்களையும் குழந்தைகளையும் பார்த்தவன், "நமக்கென்ன" என்று சொல்ல முடியாது. படகு அனுப்பியது சரி. சோறு போட்டது சரி. பேசவைக்க முயன்றதும் சரி. அந்த ஒப்பந்தத்தையொட்டி வந்த 13-வது சட்டத் திருத்தம்தான் இன்றைக்கும் அங்கே மாகாண சபைகளுக்கு ஆதாரம். ஆனால் கையில் துப்பாக்கி வைத்திருந்தவன் சம்மதமில்லாமல் அவன் துப்பாக்கிக்கு நாம் ஜாமீன் நின்றோமே, அங்கேதான் கால் இடறியது. அக்டோபர் தொடக்கத்தில், "எங்களால் முடியாது, உத்தரவாதத்தைத் திரும்பப் பெறுகிறோம்" என்று சொல்லியிருந்தால் உலகம் சிரித்திருக்கும். ஒரு மாதம் சிரித்துவிட்டு மறந்திருக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் இவ்வளவும்.

மாணவச் செல்வங்களே, நம்ம தாலுகாவில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத கிராமம் குறைவு. உங்களில் சிலர் ராணுவத்துக்குப் போவீர்கள். சிலர் அதிகாரிகளாக, ஆசிரியர்களாக, பத்திரிகைக்காரர்களாக ஆவீர்கள். எல்லோரும் ஓட்டுப் போடுவீர்கள். எங்கேயாவது "கொஞ்சம் படை, கொஞ்ச நாள்" என்று செய்தி வந்தால் டீக்கடையில் கைதட்டும் முன் நாலு கேள்வி கேளுங்கள். எதற்குப் போகிறார்கள்? எது நடந்தால் வேலை முடிந்தது? நினைத்தபடி நடக்காவிட்டால் திரும்பி வருவார்களா, இன்னும் ஆள் அனுப்புவார்களா? அந்த மண்ணின் ஜனங்கள் கேட்டார்களா, அவர்கள் பேச்சு நமக்குப் புரிகிறதா? இதில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் கையை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். அது தேசத்துரோகம் இல்லை. எல்லையில் நிற்கிற நம்ம ஊர்ப் பையனுக்கு நீங்கள் செய்கிற மரியாதை அதுதான்.

கடைசிக் கேள்வியைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். ஒரே மொழி பேசுகிற எனக்கே பெடியள் என்ற ஒரு வார்த்தையைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. மொழியே தெரியாத ஊரில் துப்பாக்கியோடு போய் நிற்கிறவன் எதைச் சரியாகப் புரிந்துகொள்வான்?

கொழும்புக்குப் பக்கத்தில் இலங்கை அரசே நம் வீரர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் கட்டியிருக்கிறது. இறந்த நம்மவர் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. அந்தப் பதினேழு வயசுப் பையன் பெயர் எந்தக் கல்லிலும் இருக்காது. அவன் பெயர் எனக்குத் தெரியும். இங்கே சொல்லமாட்டேன். உயிரோடு எங்காவது இருந்தால், என்னைவிட ஏழெட்டு வயசு இளையவனாக, பேரப்பிள்ளை எடுத்திருப்பான். அப்படியே இருக்கட்டும் என்று கருப்பட்டி போட்டுக் காபி குடிக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.